அப்பாவைத் தூக்க வேண்டாம், அவரே எழட்டும்

வாசகர் கேள்வி – பதில்

படுத்த படுக்கையாக இருப்பவரை எழுப்புவது, உட்கார வைப்பது, இடம் மாற்றுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், மதுரையில் வீடுகளுக்கே சென்று சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட்.

அப்பாவுக்கு வயது 68. ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சொல்வது புரிகிறது. பிடித்துக்கொண்டால் நிற்கிறார். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும்போது அம்மா அவருடைய வலது கையைப் பிடித்து இழுப்பார், நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன். இப்போது அப்பாவுக்குத் தோளில் தாங்க முடியாத வலி. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சரியாகத் தூக்குவது எப்படி?
– ஒரு மகள், மன்னார்குடி

அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அந்த வலது கையை இனி யாரும் இழுக்கக் கூடாது. தோள் மூட்டில் குழி ஆழமே கிடையாது. மேல்கை எலும்பின் உருண்டைத் தலையை அந்தக் குழியில் நிறுத்தி வைத்திருப்பது சுற்றியுள்ள தசைகள்தான். ஸ்ட்ரோக்கில் அவை தளர்ந்துவிட்டால் கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடும். சிலருக்குத் தோள் நுனிக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும். அப்படிப்பட்ட கையை இழுப்பதும், அக்குளில் கை கொடுத்து மேலே தள்ளுவதும், கீல் கழன்ற கதவைப் பிடித்துக்கொண்டு தொங்குவது மாதிரி. வலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும், ஆனாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதுவரை படுக்கும்போது அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். வீல்சேரில் உட்காரும்போது கை பக்கவாட்டில் தொங்கக் கூடாது, மடியில் தலையணை போட்டு அதன்மேல் இருக்கட்டும்.

சரியாகத் தூக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கவே கூடாது. வேலை செய்பவர்களின் உடல்நலத்தை ஆராய்வதற்கென்று அமெரிக்காவில் நியோஷ் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் ஒரு கணக்குச் சொன்னார். நோயாளியைக் கையால் தூக்குகிற ஒருவர், எல்லாம் தோதாக அமைந்தாலும், 35 பவுண்டுக்கு மேல் சுமக்கக் கூடாது. நம் கணக்கில் சுமார் 16 கிலோ. அதற்கு மேல் என்றால் கருவியைத் தேடு என்றார். தினமும் இதையே தொழிலாகச் செய்கிறவர்களை மனதில் வைத்துச் சொன்ன அளவு அது. உங்கள் அப்பா எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் 16 இருக்காது.

நல்ல செய்தியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொன்னது புரிகிறது, பிடித்தால் நிற்கிறார், இடது கை கால் நன்றாக இருக்கிறது. அப்படியானால் எழுந்திருக்கிற வேலை அவருடையது. அவரால் முடியாத மிச்சத்துக்கு மட்டும்தான் நீங்கள்.

முதலில் கட்டில். நம் வீடுகளில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடுவோம், அது எந்தப் பக்கச் சுவர் என்று யாரும் யோசிப்பதில்லை. மல்லாந்து படுத்தால் அவருடைய இடது பக்கம் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிவிடுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் ஆட்சேபித்தால் கட்டிலையே எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோய்விடலாம், சண்டை வேண்டாம். கட்டில் உயரம் முக்கியம். உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படிய வேண்டும், முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருந்தால் எழுவது இன்னும் சுலபம்.

அடுத்து வீல்சேர். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய இடது கைப்பக்கம், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக, நெருக்கி நிறுத்துங்கள். நிறுத்துமுன் வண்டியை ஒரு சாண் பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் உள்ள குட்டிச் சக்கரங்கள் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். வண்டி அவ்வளவு சீக்கிரம் முன்னால் கவிழாது. இரண்டு பிரேக்கையும் போடுங்கள், போட்டபின் ஆட்டிப் பாருங்கள். கால் வைக்கும் தகட்டை மடக்குங்கள், கழற்ற முடிந்தால் கழற்றியே விடுங்கள். நான் போகிற வீடுகளில் பாதிப் பேருக்கு முழங்கால் கீழே கீறல் தழும்பு இருக்கும். கேட்டால் கொசுக்கடி என்பார்கள், அது இந்தத் தகடு. சுகர் இருப்பவருக்கு அந்தக் கீறல் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

இப்போது அப்பா. இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, இடது முழங்கையை ஊன்றி அவர் எழட்டும். நீங்கள் இடுப்பிலும் தோள்பட்டை எலும்பிலும் கை வைத்து வழிகாட்டினால் போதும். உட்கார்ந்ததும் உடனே நிறுத்தாதீர்கள், ஒன்றிரண்டு நிமிஷம் அப்படியே இருக்கட்டும். பிறகு கட்டில் விளிம்புவரை பிட்டத்தை முன்னால் நகர்த்திக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் வருகிறது. பாதம் முட்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் உலகத்தில் யாராலும் எழ முடியாது. நீங்களே நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை நீட்டிவைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள். குதிகால் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் போகும்படி இரண்டு பாதத்தையும் இழுத்து வையுங்கள். வலது காலை நீங்கள்தான் இழுத்து வைக்க வேண்டும். வெறுங்கால், அல்லது ரப்பர் அடி போட்ட செருப்பு. டைல்ஸ் தரையில் சாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் அவருக்கு எதிரில், சற்று வலது பக்கமாக நில்லுங்கள். உங்கள் முட்டி அவருடைய வலது முட்டிக்கு முன்னால் அணை கொடுக்கட்டும், மடங்கப் பார்க்கிற கால் அதுதான். அவருடைய இடுப்பில், பிடித்து எழுப்புவதற்கென்றே உள்ள டிரான்ஸ்ஃபர் பெல்ட் கட்டியிருந்தால் அதைப் பிடியுங்கள். சர்ஜிகல் கடைகளில் கைப்பிடி வைத்தே கிடைக்கிறது. வேட்டி முடிச்சையும் லுங்கியையும் நம்பாதீர்கள், அவர் நிற்பார், லுங்கி உங்கள் கையோடு வந்துவிடும். வயிற்றில் புது ஆபரேஷனோ, உணவுக் குழாயோ, விலா முறிவோ இருந்தால் பெல்ட் கட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். இன்னொன்று, அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கூடாது. சினிமாவில் நன்றாக இருக்கும், கழுத்து எலும்புக்கு ஆகாது. அவருடைய இடது கை கட்டிலை ஊன்றட்டும்.

"அப்பா, முன்னாடி குனிங்க. இன்னும். மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, எழுந்திரிங்க." குனியும்போது விழுந்துவிடுவாரோ என்று பயந்து நாம்தான் அவரைப் பின்னால் பிடித்துத் தள்ளுகிறோம். குனிந்தால்தான் பிட்டம் எழும்பும். எழுந்து நின்று நிலைத்ததும் இடது கை வீல்சேரின் தூரத்துக் கைப்பிடிக்குப் போகட்டும். சின்னச் சின்ன எட்டாக அவர் திரும்பும்போது நீங்களும் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள். கால் ஒரு இடத்தில் நிற்க இடுப்பை மட்டும் திருகினால் உங்களுக்கு வந்த பிடிப்பு மறுபடி வரும். தொடையின் பின்பக்கம் சீட்டில் படுகிறது என்று அவரே சொன்ன பிறகு மெதுவாக உட்கார வையுங்கள். தொப்பென்று விழ விடாதீர்கள்.

திரும்பக் கட்டிலுக்குப் போகும்போதும் நல்ல பக்கம்தான் முதலில் போக வேண்டும். அதாவது வீல்சேரைச் சுற்றிக்கொண்டுவந்து, கட்டில் அவருடைய இடது கைப்பக்கம் வரும்படி நிறுத்த வேண்டும். வந்த வழியே அப்படியே திரும்பினால் விழுந்துபோன வலது பக்கம் முன்னால் போகும்.

அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வீல்சேருக்குப் பின்னால் நின்று அது நகராமல் பார்த்துக்கொள்ளட்டும். எண்ணுவது ஒருவர் மட்டும்தான். இரண்டு பேரும் "எழுந்திரிங்க, எழுந்திரிங்க" என்று கத்தினால் அவர் யார் சொல்வதைக் கேட்பார்?

அம்மாவைக் காலையில் எழுப்பி நிறுத்தியதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று அப்படியே சரிகிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– ஒரு மகன், ஈரோடு

நிறுத்தாதீர்கள். அளந்துகொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். படுத்த நிலையில் ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிஷத்துக்குள் ஒருமுறை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது எழுந்ததும் பிரஷர் இறங்குகிற கோளாறு. மாத்திரை அளவு, சாப்பிடும் நேரம், தண்ணீர் குறைவு, சுகரால் நரம்பு பாதிப்பு, பல நாள் படுக்கை, எதுவும் காரணமாக இருக்கலாம்.

எழுப்பும் முன் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது முப்பது தடவை ஆட்டச் சொல்லுங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுங்கள். பதில் குழறினாலோ, முகம் வெளுத்து நெற்றியில் வேர்த்தாலோ திரும்பப் படுக்க வையுங்கள். நின்ற பிறகு மயக்கம் வந்தால் தாங்கிப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், பக்கத்தில் உள்ள இருக்கையில் உட்கார வையுங்கள். அதற்காகவே எழுப்பும்போது ஒரு நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ராத்திரி பாத்ரூம் போக அவசரமாக எழுகிற நேரம்தான் மோசம். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு சேர் போட்டுவிடுங்கள்.

மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். வீட்டில் இந்தியன் டாய்லெட்தான். "கீழே உட்காரக் கூடாது" என்று மட்டும் சொன்னார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. கார் வைத்து அழைத்துவர வேண்டும்.
– ஒரு மருமகள், சிவகாசி

"கீழே உட்காரக் கூடாது" என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்கு அனுப்புவது எனக்குப் புரிவதே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் தரையில் உட்காரவில்லையே என்று, முட்டி அளவுகூட இல்லாத மோடாவில் உட்காரவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "டாக்டர், மூட்டை முன்பக்கம் திறந்து வைத்தீர்களா, பின்பக்கமா?" பின்பக்கமாக என்றால் வழக்கமாக மூன்று தடை. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, ஆபரேஷன் ஆன காலை மற்றக் காலின் மேல் போடக் கூடாது, அந்தப் பாதத்தை உட்பக்கமாகத் திருப்பக் கூடாது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் புது மூட்டு குழியிலிருந்து நழுவிவிடும். எத்தனை வாரம் என்பதை ஆபரேஷன் செய்தவர்தான் சொல்ல வேண்டும், பொதுவாக 6 முதல் 12 வாரம் என்பார்கள். எவ்வளவு எடையை அந்தக் காலில் ஊன்றலாம் என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

90 டிகிரி என்பதை ஸ்கேல் வைத்தா பார்ப்பது? உட்கார்ந்திருக்கும்போது முட்டி இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு. ஆகவே இந்தியன் டாய்லெட்டுக்கு மேலே உயரம் கூட்டக்கூடிய கமோடு சேர் வாங்கிப் போடுங்கள். நடுவில் ஓட்டையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி என்று ஒரு மாற்றுச் சொல்வார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈரத் தரையில் அதன் கால் விரிந்துவிடும். உட்காரும்போது வாக்கரோடு பின்னாலேயே போய், தொடையில் சீட் படும்வரை வந்து, ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டி, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கைப்பிடியைப் பிடித்து இறங்க வேண்டும். எழும்போதும் அந்தக் கால் நீண்டுதான் இருக்க வேண்டும், கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். இழுத்து எழுவதற்கு வாக்கர் ஆகாது, அது அவர் மேலேயே சாயும். பக்கெட்டில் தண்ணீர் மொள்ளக் குனிய விடாதீர்கள், கைக்கு எட்டுகிற உயரத்தில் ஹேண்ட் ஷவர் வேண்டும். திரும்பும்போது அந்தக் காலை ஊன்றிக்கொண்டு உடம்பைச் சுழற்றாமல், எட்டு எட்டாகத் திரும்பச் சொல்லுங்கள்.

கார் என்றால் முன் சீட். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்மானத்தையும் சாய்த்துவிடுங்கள். காரைப் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தாமல் ரோட்டிலேயே நிறுத்தினால் இறங்கி உட்காருகிற ஆழம் குறையும். சீட் பள்ளமாக இருந்தால் கெட்டியான மெத்தை போடுங்கள். அதன்மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை ஒன்றை விரியுங்கள். அவர் முதுகைக் காருக்குக் காட்டி நின்று முதலில் பிட்டத்தை வைத்து உட்கார வேண்டும். பிறகு பின்பக்கமாகச் சரிந்தபடி இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் பிளாஸ்டிக் மேல் உடம்பு வழுக்கிக்கொண்டு திரும்பும். தலை இடிக்காமல் நீங்கள் கை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பும் முன் பிளாஸ்டிக்கை உருவிவிட மறக்காதீர்கள், பிரேக் போட்டால் ஆள் முன்னால் வழுக்குவார். ஆட்டோ வேண்டாம். படி உயரம், உள்ளே குனிய வேண்டும், ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் நேராக இடுப்பில் இறங்கும்.

பனை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வயது 34. கை இரண்டும் நல்ல பலம். தம்பிகள் இரண்டு பேர் குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கி வைக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம்வரை ஒரே இடம். நானே மாறிக்கொள்ள வழி உண்டா?
– வாசகர், சங்கரன்கோவில்

உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. அதற்குப் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1966-ல் வேலூர் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு வழியமைத்தார். உங்கள் மாதிரி ஆட்களுக்குத் தம்பிகள் இல்லாமல் இடம் மாறக் கற்றுத்தருவது அங்கே அன்றாடப் பாடம். உங்கள் தென்காசி மாவட்டத்திலேயே, ஆய்க்குடியில், 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். ஏதாவது ஒரு இடத்தில் சில வாரம் தங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். எலும்பு கூடிவிட்டதா, உடம்பை முன்னால் வளைக்கலாமா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் உறுதிசெய்துகொள்ளாமல் தொடங்க வேண்டாம்.

கற்றுத்தருவது பெரும்பாலும் பலகையில்தான் ஆரம்பிக்கும். சுமார் இரண்டரை அடி நீளம், முக்கால் அடி அகலம், உங்கள் எடை தாங்குகிற கெட்டியான பிளைவுட். ஆசாரியிடம் சொல்லி விளிம்புகளை உருட்டி, இழைத்து, வார்னிஷ் அடித்து வாங்கலாம். சிம்பு ஒன்றுகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உணர்வில்லாத தோலில் ஏறினால் ராத்திரி ரத்தம் பார்க்கும்போதுதான் தெரியும்.

கட்டிலும் வீல்சேர் சீட்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, வண்டியை ஒட்டி நிறுத்திப் பிரேக் போடுங்கள். மறுபக்கம் சாய்ந்து, பலகையின் ஒரு முனையைத் தொடைக்கும் பிட்டத்துக்கும் அடியில் செருகுங்கள். மறுமுனை சீட்டில் நன்றாகப் படிந்திருக்க வேண்டும். பலகை விளிம்புக்கு அடியில் விரலை மடக்கிப் பிடிக்காதீர்கள், உங்கள் எடையே நசுக்கிவிடும். ஒரு கை பலகையின் மேல், மற்றது மெத்தையின் மேல். பிட்டம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் தலையைக் குனிந்து சாயுங்கள். தலை இடப்பக்கம் முன்னால் போனால் பிட்டம் வலப்பக்கம் எழும்பும். இதை உடம்பு பிடித்துக்கொள்ள நாளாகும். பிடித்துக்கொண்டபின் பலகையே தேவைப்படாமல் போனவர்களும் உண்டு. ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போகாமல், சின்னச் சின்னத் தாவலாகப் போங்கள். வழுக்கும்போது மேல்தோல் பலகையோடு ஒட்டி நிற்க, உள்ளே சதை நகரும். படுக்கைப்புண் அப்படியும் வரும். வெற்றுடம்பாகப் பலகையில் உட்காரவே கூடாது. யூரின் பையை முன்கூட்டியே எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கம் மாற்றிவிடுங்கள். குழாய் மாட்டி இழுபட்டால் உங்களுக்குத் தெரியாது. யூரின் பை எப்போதும் அடிவயிற்றுக்குள் இருக்கும் மூத்திரப் பையைவிடத் தாழ்வாகத்தான் தொங்க வேண்டும்.

சாயங்காலம்வரை ஒரே இடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குக் கவலை. இடம் மாறக் கற்றுக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே தொடங்குங்கள்: கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை முன்னால் நன்றாகக் குனிந்தோ, ஒரு பக்கம் சாய்ந்தோ, இரண்டு நிமிஷம் பிட்டத்துக்கு ஓய்வு கொடுங்கள். கையை ஊன்றி எழும்பினால் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது, தோளும் தேயும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். சிவப்போ கறுப்போ தட்டி, அரை மணி நேரமாகியும் மறையாவிட்டால் அந்த இடத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்காரருக்கு அதிக எடை. கட்டிலில் கால்மாட்டுப் பக்கம் சறுக்கிக்கொண்டே போகிறார். மேலே இழுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கொண்டு தூக்கினால் பாதுகாப்பு என்று கடைக்காரர் சொல்கிறார்.
– ஒரு இல்லத்தரசி, ஆவடி

கடைக்காரருக்கு பெல்ட் விற்க வேண்டும். நல்லா இருக்கிற முதுகு காயம்படாமல் அந்த பெல்ட் காக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் போட்ட தைரியத்தில் கூடுதலாகத் தூக்குவீர்கள், அவ்வளவுதான்.

ஒரு பெட்ஷீட்டை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வரும்படி அவருக்கு அடியில் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். தலைமாட்டை மட்டமாக்கி, தலையணையை எடுத்துவிடுங்கள். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று, ஷீட்டை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். அவர் முட்டியை மடக்கி, முகவாயை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, மூன்று எண்ணியதும் குதிகாலால் உந்தட்டும். நீங்கள் கையால் இழுக்காமல், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பின் எடையை மாற்றுங்கள், ஷீட் தானாக வரும். துணைக்கு ஆள் வரும்வரை காத்திருக்கலாம், தனியாகச் செய்ய வேண்டாம். அவரால் உந்தவே முடியாது என்றால் நோயாளியைத் தூக்குகிற ஹாய்ஸ்ட் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். சறுக்குவதற்குப் பாதிக் காரணம் தலைமாட்டை மட்டும் உயர்த்தி வைப்பது, முட்டிக்குக் கீழேயும் ஒரு தலையணை கொடுங்கள்.

தாத்தாவுக்கு பார்க்கின்சன். பாத்ரூம் வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது மாதிரி நின்றுவிடுகிறார். கையைப் பிடித்து இழுத்தால் முன்னால் விழப் பார்க்கிறார்.
– கல்லூரி மாணவி, கோவை

இழுக்கக் கூடாது. உடம்பு வரும், பாதம் வராது. நிறுத்துங்கள், மூச்சு விடச் சொல்லுங்கள், இடதும் வலதுமாக எடையை மாற்றி ஆடச் சொல்லுங்கள், பிறகு "லெஃப்ட், ரைட்" என்று எண்ணுங்கள். வாசல் பக்கம் தரையில் ஒரு எட்டுக்கு ஒன்றாகக் குறுக்கே கலர் டேப் ஒட்டிவிடுங்கள். கோட்டைத் தாண்டச் சொன்னால் பல பேருக்குக் கால் எழும்பும். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் குளியலை வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனாருக்கு நான்தான் எல்லாம். பெல்ட் பிடித்து எழுப்ப வேண்டும் என்று பிசியோ சொன்னார். இடுப்பில் கை வைத்தாலே "வேண்டாம்மா, விடு" என்று உடம்பை விறைத்துக்கொள்கிறார். அதனாலேயே ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.
– பெயர் வேண்டாம், காரைக்குடி

விறைத்த உடம்பை எழுப்ப முடியாது, அது எடையைவிடப் பெரிய பிரச்சினை. அவர் அடம் பிடிக்கவில்லை. மருமகள் தொடுவதில் கூச்சம், அதைவிட உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்ற குன்றல். சட்டைக்கு மேலே பெல்ட்டை அவரே மாட்டிக்கொள்ளட்டும். லுங்கியைவிட எலாஸ்டிக் வைத்த பேன்ட் அவருடைய மானத்துக்கும் நல்லது, உங்கள் கைக்கும் நல்லது. தொடும் முன் சொல்லுங்கள்: "மாமா, பெல்ட்டைப் பிடிச்சுக்கிறேன். நீங்க எண்ணுங்க, நீங்க சொன்னதும் எழுந்திருப்போம்." எண்ணுவது அவர் கையில் இருந்தால் உடம்பு தளரும், இதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். குளியல், டாய்லெட் இரண்டு வேளைக்கு மட்டுமாவது உங்கள் வீட்டுக்காரர் நேரம் ஒதுக்கட்டும். "எனக்குப் பழக்கமில்லை" என்பார். உங்களுக்கு மட்டும் பிறந்ததிலிருந்தா பழக்கம்?

இனி இருவரும் சேர்ந்து விழுகிற நிலை வந்தால் தூக்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் காலை அகட்டி, ஒரு காலை முன்னால் வைத்து, பெல்ட்டைப் பிடித்து அவரை உங்கள் உடம்போடு அணைத்து, உங்கள் தொடை வழியே மெதுவாகத் தரைக்கு இறக்கிவிடுங்கள்.

கீழே விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைக்க வேண்டாமா?
– வாசகர், விழுப்புரம்

வேண்டாம். நான்கு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கை காலைப் பிடிப்பதில்தான் முறிந்த எலும்பு விலகுகிறது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தலையில் அடியா, கழுத்து வலிக்கிறதா, கை கால் மரத்திருக்கிறதா? ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் போர்த்திவிட்டு 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒன்றுமில்லை என்றால் அவரே எழட்டும். ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, பிறகு கையும் முட்டியும் ஊன்றி நிற்க வேண்டும். கெட்டியான நாற்காலியை எதிரில் போடுங்கள். சீட்டில் இரண்டு கையையும் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி எழும்போது, பின்னால் இன்னொரு நாற்காலியைத் தள்ளி உட்கார வையுங்கள். முட்டி போட முடியாதவர் என்றால் ஆள் வரட்டும், அவசரமில்லை.

கட்டிலை உயர்த்த செங்கல் வைக்கலாமா?
– வாசகி, திருவண்ணாமலை

கூடாது. ஒரு பக்கம் எடை விழுந்தால் செங்கல் நழுவும், உடையும். கட்டில் கால் உள்ளே இறங்கி உட்காருகிற மாதிரிக் குழி வெட்டிய மரக்கட்டை நான்கு செய்து வாங்குங்கள்.

இதையெல்லாம் படித்து மட்டும் செய்துவிட முடியுமா? பிசியோவுக்கு வாராவாரம் பணம் கொடுக்க வசதியில்லை. வீல்சேர் வாங்குவது பற்றியும் சொல்லுங்கள்.
– வாசகர், ஓசூர்

படித்து மட்டும் முடியாது, யாராவது ஒருமுறை நேரில் காட்ட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பது அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வருகிறவர் செய்வதை நீங்கள் வேடிக்கை பார்த்தால் போதாது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நீங்கள் செய்து காட்டுங்கள். ராத்திரி நேரத்தில் பார்த்துக்கொள்கிறவர் வேறு ஆள் என்றால் அவரும் செய்து காட்டட்டும்.

வீல்சேரில் பக்கத்துக் கைப்பிடி கழற்றக்கூடியதா, கால் தகடு பக்கவாட்டில் விலகுமா, பிரேக் போட்டபின் சக்கரம் அசைகிறதா, இந்த மூன்றையும் கடையிலேயே செய்து பாருங்கள். கழற்ற முடியாத கைப்பிடி கொண்டது விலை குறைவாகக் கிடைக்கும். நின்று மாறக்கூடியவருக்கு அது போதும், பலகையில் மாறுகிறவருக்கு உதவாது. உட்கார்ந்தால் இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கை நுழைகிற அளவு இடம் போதும், "தாராளமாக இருக்கட்டும்" என்று பெரிதாக வாங்கினால் ஒரு பக்கம் சரிந்தே உட்காருவார். பாத்ரூம் கதவின் அகலத்தை அளக்கும்போது, கதவைத் திறந்து வைத்து, கதவுக்கும் எதிர் நிலைக்கும் இடையில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வண்டியின் முழு அகலம் என்பது சீட்டின் அகலம் அல்ல, வெளியே துருத்தும் கை வளையத்தையும் சேர்த்துத்தான்.